முதுகைக் காட்டி உட்கார்ந்த உஸ்தாத்

மரியாதை அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உஸ்தாத், அணிவகுப்பு மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

படையில் பயிற்சி கொடுக்கிறவரை உஸ்தாத் என்று கூப்பிடுவது வழக்கம். இவர் பெயர் துளசிராமன், சுபேதார். குடியாத்தம் பக்கத்துக்காரர். நாற்பது வயது ஆகவில்லை, ஆனால் தொப்பை அதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டிருந்தது. தலைவர்களை வரவேற்கவும் இறந்த வீரர்களை வழியனுப்பவும் வெயிலில் பளபளக்கும் பூட்ஸும் விறைத்த முதுகுமாக நிற்கும் மரியாதை அணிக்கு இவர்தான் உஸ்தாத் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு கல் பெஞ்சு. அதில், மைதானம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருவார். பக்கத்தில் டீ கிளாஸ். எதிரே காம்பவுண்டுச் சுவரும் அதன் மேல் ஒரு காக்கையும் தவிர வேறொன்றும் கிடையாது. பின்னால் பையன்கள் உயிரைக் கொடுத்து அணிவகுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்பதையும் சுவரைப் பார்த்தபடியே சொல்வார்.

வேண்டாம் என்று கேட்பதுகூடப் பரவாயில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லக்கூடாதா என்பதுதான் எல்லாருடைய மனக்குறையும்.

இதற்குப் பல காரணங்கள் முகாமில் உலவின. ஒரு கண்ணில் பார்வை குறைவு, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்றது ஒரு கோஷ்டி. மேற்கு வெயில் கண்ணைக் கூசுகிறது என்றது இன்னொன்று. மேகம் கவிந்த நாளிலும் அப்படியே உட்கார்ந்ததால் அந்தக் கோஷ்டி வாயை மூடிக்கொண்டது. மார்த்தாண்டத்துக்காரன் யாக்கோபு வேறு கட்சி. பக்கத்தில் வைத்திருக்கும் எவர்சில்வர் பிளாஸ்க்கில் பின்னால் நடப்பதெல்லாம் தெரிகிறது, அதில்தான் பார்க்கிறார் என்றான். சொன்னதோடு நிற்காமல் ஒருநாள் பிளாஸ்க்கைக் கழுவித் தருவதாக வாங்கிக்கொண்டு போய் ஒளித்தும் வைத்தான். உஸ்தாத் அன்றைக்கும் வழக்கம்போல சுவரைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரை வேண்டாம் என்றார். அதில் ஒருவன் யாக்கோபு.

யாக்கோபை விட அதிகமாக இந்த விஷயம் குடைந்தது இசக்கிராஜாவைத்தான்.

இசக்கிராஜா களக்காட்டுப் பக்கத்துப் பையன். ஆறடி உயரம். அவன் நடந்தால் கேண்டீன்காரர்கள்கூட வெளியே வந்து பார்ப்பார்கள். மரியாதை அணியில் சேரத்தான் பட்டாளத்துக்கே வந்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பாவும் பட்டாளத்துக்காரர். எல்லையில் இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தது இந்த அணிதான். "அன்னைக்கு அவங்களைப் பாத்தேன், அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்வான். அதற்கு மேல் சொல்ல மாட்டான். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அணியில் சேர மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றிலும் தவறினால் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வேறு படைப்பிரிவுக்குப் போய்விட வேண்டியதுதான், திரும்பி வர முடியாது.

முதல் வாய்ப்பில் இசக்கி வலது கோடியில் நின்றான். அவனுடைய கைவீச்சும் திரும்பலும் அப்படி ஒரு அழகு. பார்த்தவர்கள் எல்லாரும் இவன் தேறாவிட்டால் வேறு யாரும் தேற முடியாது என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

"வலது கோடியில இருக்கிறவன் வேணாம்" என்றார் உஸ்தாத், காக்கையிடம் சொல்வதுபோல.

இசக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபம் வந்தது. ஆனால் கோபத்தை விட, இந்த ஆள் பார்க்காமலே எப்படிச் சொல்கிறார் என்ற கேள்விதான் பெரிதாக நின்றது. அதைக் கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது போலிருந்தது.

யாக்கோபும் அவனும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த பயிற்சியில், உஸ்தாத் முதுகுக்குப் பின்னால் போய் இசக்கி இடது கையால் சல்யூட் அடித்தான். பட்டாளத்தில் இதைவிடப் பெரிய குற்றம் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உஸ்தாத் டீயை ஊதிக் குடித்தார். யாக்கோபு தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நாக்கைத் துருத்தினான். உஸ்தாத் இன்னொரு வாய் குடித்தார். பிறகு வரிசை நடக்கும்போது இசக்கி வேண்டுமென்றே குதிகாலை ஒரு நொடி முந்தித் தட்டினான்.

"இசக்கிராஜா" என்றார் உஸ்தாத். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் புதையல் கிடைத்தவர்கள்போல இருந்தார்கள். உஸ்தாத் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்கிறார். இது தெரிந்துவிட்டால் பிறகென்ன, காதுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டால் போகிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பயிற்சி வீரர்களுக்குள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளும் வித்தை ஒன்று உண்டு. துப்பாக்கியின் மரப்பிடியில் ஒரு திருகாணி இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், கையால் துப்பாக்கியைத் தட்டும்போது 'சளார்' என்று ஒரு உலோக ஓசை கூடவே வரும். பூட்ஸின் குதிகாலில் அடித்திருக்கும் லாடத்துக்கு மேல் இன்னொரு இரும்புத் துண்டும் வைத்துக்கொண்டால் ஒருவன் நடப்பது மூன்று பேர் நடப்பதுபோலக் கேட்கும். பார்வையாளர்களுக்கு இது கொண்டாட்டம். தலைவர்கள் வரும் நாளில் இந்தச் சத்தத்துக்கே கைதட்டல் விழும்.

இசக்கி திருகாணியையும் தளர்த்தினான், இரும்பையும் வைத்தான்.

இரண்டாவது வாய்ப்பில் அவன் துப்பாக்கியைத் தட்டியபோது கேண்டீன் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். யாக்கோபு பெருமையில் பூரித்துப்போய் இசக்கியையே பார்த்தபடி தன் காலடியைக் கோட்டை விட்டான்.

உஸ்தாத் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒரு துப்பாக்கி மட்டும் தனியாப் பேசுது. அது வேணாம்" என்றார்.

அன்றைக்கு இசக்கி மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகவில்லை. யாக்கோபு தட்டில் சோறு எடுத்துக்கொண்டு வந்து, இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னான். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது என்பதுதான் இசக்கியின் பயம். கண்ணுக்கு நன்றாக இருந்ததும் வேண்டாம், காதுக்கு நன்றாக இருந்ததும் வேண்டாம் என்றால் இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும்?

மறுநாள் பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவன் நேராகக் கல் பெஞ்சுக்குப் போனான். உஸ்தாத் புதிதாக வந்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நீங்க ஏன் எங்களைத் திரும்பிப் பாக்கவே மாட்டேங்கிய?"

உஸ்தாத் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீ எதுக்கு இந்த அணிக்கு வரணும்னு நிக்கிற?"

"எங்க அப்பாவை இவங்கதான் கொண்டாந்தாவ. நான் அப்ப நாலாங்கிளாஸ். அன்னைக்கு இவங்களைப் பாத்தேன். நாமளும் இப்படி ஆவணும்னு தோணிச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன் உஸ்தாத்."

"தலையில என்ன வச்சிருந்தாங்க? தொப்பியா, தலைப்பாகையா?"

இசக்கி வாயைத் திறந்தான். பதில் நாக்கின் நுனியில் இருப்பதாகத்தான் நினைத்தான். அங்கே ஒன்றும் இல்லை.

"ஞாபகம் வரலை."

"துப்பாக்கி எந்தக் கையில?"

"தெரியலை."

"எத்தனை பேரு வந்தாங்க?"

"எட்டுப் பேரு."

"எண்ணினியா?"

"இல்லை. பொறவு யாரோ சொன்னாவ."

"அப்ப நீ எங்கதான் பாத்துட்டிருந்த?"

இசக்கி அந்த நாளைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

"எங்க சித்தப்பா என் மூஞ்சியைத் தன் வேட்டியோட சேத்து அமுக்கிப் பிடிச்சிருந்தாவ. எனக்கு வேட்டிதான் தெரிஞ்சுது."

"அம்மா?"

"அம்மா கண்ணையே தொறக்கலை. ஆச்சி மடியில தலையைக் கவுத்துப் போட்டுக் கெடந்தா."

"அப்ப உங்க வீட்டுல யாரும் எங்களைப் பாக்கலை."

இசக்கிக்குத் திடீரென்று ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை யாரோ திறந்து, உள்ளே ஒன்றும் இல்லையே என்று காட்டிவிட்டதுபோல இருந்தது. அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டான்.

"வேற ஏதாச்சும் இருக்கா உங்கிட்ட?" என்றார் உஸ்தாத். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"சத்தம் இருக்கு."

"சொல்லு."

"பூட்ஸ் சத்தம். எங்க தெரு சரளைக் கல்லு. வண்டி வந்தாலே நறநறன்னு கேக்கும். அவங்க வந்தப்ப ஒரே ஒரு ஆள் நடந்து வார மாதிரிதான் இருந்துச்சு. எங்க அப்பாதான் நடந்து வாராவளோன்னு நெனச்சேன்."

உஸ்தாத் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"பெட்டியை எறக்கப் போறாவன்னு யாரோ சொன்னாவ. எங்க வீட்டுல நெல்லு மூட்டையை எறக்கினா தொம்முன்னு விழும். வீடே அதிரும். அப்படித்தான் விழும்னு நெனச்சேன். அப்பாவுக்கு வலிக்குமேன்னு... காதைப் பொத்தலாம்னா சித்தப்பா கையைப் பிடிச்சிருந்தாவ. பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன். எப்ப விழும், எப்ப விழும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

"விழுந்துச்சா?"

"இல்லை உஸ்தாத். சத்தமே வரலை. ரொம்ப நேரம் கழிச்சு வேட்டியை வெலக்கிப் பாத்தேன். பெட்டி தரையில இருந்துச்சு."

சுவரில் இருந்த காக்கை பறந்து போயிற்று. உஸ்தாத் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். காலி கிளாஸை அவனிடம் நீட்டினார்.

"இதைப் பெஞ்சு மேல வை."

சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இசக்கி கிளாஸைக் கல் மேல் வைத்தான்.

"கேட்டுடுச்சு" என்றார்.

மறுபடி எடுத்து, மெதுவாக வைத்தான்.

"கேட்டுடுச்சு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். அப்போதும் கேட்டுவிட்டது. உஸ்தாத் திரும்பி வந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கிளாஸை நீயே வச்சுக்க. கடைசி வாய்ப்புக்கு நீ துப்பாக்கி எடுத்துக்கிட்டு வர வேணாம். பெட்டிக்கு வா."

பெட்டி என்றால் என்னவென்று முகாமில் எல்லாருக்கும் தெரியும். கொட்டகையில் சாக்கு போட்டு மூடிவைத்திருக்கும் நீளமான மரப்பெட்டி அது. உள்ளே மணல் மூட்டைகள். இறந்த வீரர்களைச் சுமக்கப் பழகுவதற்கு வைத்திருந்தார்கள். பையன்களுக்கு அதன் பக்கத்தில் போகவே கூச்சம். கூச்சத்தை மறைக்க அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையைத் தூக்கப் போகிறவனுக்குக் கைதட்டலும் கிடையாது, டிவியில் முகமும் தெரியாது என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கு இசக்கி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

அன்று முதல் இசக்கிக்குக் கிளாஸ் பைத்தியம் பிடித்தது. மெஸ் மேஜையில் வைத்துப் பார்த்தான். சிமெண்டுத் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் வைத்துப் பார்த்தான். எப்படி வைத்தாலும் கடைசியில் ஒரு 'டிக்' வந்தது. யாக்கோபு கண்ணை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டது என்று கையைத் தூக்கினான். பார்த்தவர்கள், இசக்கி மரியாதை அணிக்குப் போகிறானா, ஓட்டல் சப்ளையர் வேலைக்குப் போகிறானா என்று கேட்டார்கள்.

துப்பாக்கியைக் கொண்டுபோய்த் திருகாணியை முறுக்கிவைத்தான். குதிகால் இரும்பையும் பிடுங்கிப் போட்டான். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் சாப்பிட உட்காரும்போது, கிளாஸுக்கு அடியில் தற்செயலாக அவன் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. விரல் மேல் உட்கார்ந்த கிளாஸிலிருந்து சத்தம் வரவில்லை. விரலை மெல்ல உருவினான். கிளாஸின் ஒரு விளிம்பு முதலில் மேஜையைத் தொட்டது, பிறகு மறு விளிம்பு தொட்டது. எதிரே யாக்கோபு கண்ணை மூடியபடி காத்திருந்தான்.

"வைக்கலையா டே?" என்றான்.

இசக்கி விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வாய்ப்பு நாளன்று எட்டுப் பேர் கொட்டகைக்குப் போனார்கள். யாக்கோபுக்கும் அது கடைசி வாய்ப்பு. துப்பாக்கியில் வேண்டாம் என்று தள்ளப்பட்டவர்களே பாதிப் பேர். மைதானத்தின் நடுவே ஒரு கல் மேடை போட்டிருந்தது. பெட்டியைத் தோளில் தூக்கி வந்து மேடையில் இறக்க வேண்டும். எந்த இடத்தில் சத்தம் வருகிறதோ அந்த இடத்துக்காரன் வேறு படைப்பிரிவுக்குப் போகலாம். உஸ்தாத் இதைச் சொல்லிவிட்டு வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பழகிப் பார்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்.

பழகும்போது பெட்டி தொம்மென்றுதான் இறங்கியது. மணல் குலுங்கும் சத்தம்கூடக் கேட்டது. "தலைமாட்டுல இடது பக்கம்" என்றார் உஸ்தாத். அடுத்த தடவை, "கால்மாட்டுல ரெண்டு பக்கமும்" என்றார். கால்மாட்டில் நின்ற யாக்கோபின் முகம் வெளுத்துவிட்டது.

இசக்கி மற்ற ஏழு பேரையும் கொட்டகைக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். பெட்டியின் அடிக்கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரலை விட வேண்டும். பெட்டி முதலில் விரல் மேல்தான் இறங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக உருவிக்கொள்ளலாம். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். கிளாஸ் வேறு, இது வேறு, நசுங்கிவிடாதா என்றான் யாக்கோபு.

நசுங்காது, ஆனால் வலிக்கும் என்றான் இசக்கி.

எவ்வளவு வலிக்கும் என்று ஒருவன் கேட்டான்.

"தெரியலை டே" என்றான் இசக்கி. "யாருக்காச்சும் ஒருத்தருக்கு வலிக்கத்தானே செய்யும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

மைதானத்தில் எட்டு ஜோடி பூட்ஸ் நடந்து வந்தது. கண்ணை மூடிக் கேட்டால் ஒரே ஒரு ஆள் வருவதுபோல இருந்தது. கல் பெஞ்சில் உஸ்தாத் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஆனால் திரும்பவில்லை.

மேடைக்கு வந்தார்கள். ஏவல் இல்லை. இசக்கி ஒரு மூச்சை இழுத்துவிட்டான், மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு குனிந்தார்கள். பெட்டி தோளிலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து கீழே இறங்கியது. கல்லின் குளிர்ச்சி விரல் நுனியில் பட்டது. பிறகு பாரம் வந்தது. இசக்கியின் கண்ணில் நீர் முட்டியது. யாக்கோபு உதட்டைக் கடித்துக்கொண்டான். ஒருவன் விரலை உருவினான், அடுத்தவன் உருவினான். யாக்கோபின் விரலில் தோல் உரிந்திருந்தது. இசக்கி மற்றவர்கள் எல்லாரும் எடுக்கும்வரை காத்திருந்து, கடைசியாகத் தன் விரலை எடுத்தான்.

எட்டுப் பேரும் நிமிர்ந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, அசையாமல் நின்றார்கள்.

உஸ்தாத் டீயை ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். சுவரில் காக்கை வந்து உட்கார்ந்தது.

"என்னப்பா" என்றார், திரும்பாமலே. "இன்னுமா தூக்கிக்கிட்டே நிக்கிறீங்க? எறக்கி வைங்க."

பெட்டி மேடையில் இருந்தது.